ஃபியரோ: ஸ்போர்ட்ஸ் காரும் காஸ்டிங் பேப்பரும்

இரண்டே இரண்டு சீட். சீட்டுக்குப் பின்னால் எஞ்சின். தரையோடு தரையாகத் தாழ்ந்த மூக்கு, ஸ்விட்சைப் போட்டால் முழித்துக்கொண்டு மேலே எழும்பும் ஹெட்லைட். போன்டியாக் ஃபியரோவின் படத்தை வகுப்பில் யாரிடம் காட்டினாலும் வரும் முதல் கேள்வி, "மச்சி, இது ஃபெராரியா?" என்பதுதான். இல்லை மக்களே. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1983-லிருந்து 1988 வரை தயாரித்து, ஆரம்பத்தில் சுமார் 8,000 டாலருக்கு விற்ற கார் அது. ஃபெராரி விலையில் டயர் கூட வராது என்று சொல்லலாம் (சரி, டயர் வரும், கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன்).

பி.காம் படிக்கிறவனுக்குக் காரைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று மெக்கானிக்கல் துறை நண்பர்கள் இந்நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். நியாயம்தான். ஆனால் ஃபியரோவை எஞ்சினியரிங் மட்டும் தெரிந்து புரிந்துகொள்ள முடியாது. அதன் அழகு, அசிங்கம் இரண்டுமே காஸ்டிங் பேப்பரிலிருந்து வந்தவை. எனவே இது எங்கள் ஏரியா :-)

முதலில் இந்தக் காருக்கு அனுமதி கிடைத்த கதை. எழுபதுகளின் கடைசி. ஜெனரல் மோட்டார்ஸில் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அது செவர்லேயின் கார்வெட். வீட்டில் ஒரு பிள்ளைக்கு பைக் வாங்கிக் கொடுத்தாயிற்று, இன்னொருவனுக்கு எதற்கு என்கிற மனநிலை. ஆனால் போன்டியாக் பிரிவினருக்கு ஆசை விடவில்லை. அந்தச் சமயத்தில் பெட்ரோல் நெருக்கடி, கூடவே கம்பெனியின் கார்கள் சராசரியாக இத்தனை மைலேஜ் தரவேண்டும் என்று 1975-இல் போட்ட சட்டம் வேறு. உடனே விண்ணப்பத்தின் தலைப்பை மாற்றினார்கள். "ஐயா, இது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை. ஆபீசுக்குப் போய்வர, மைலேஜ் தரும் சின்ன இரண்டு சீட் வண்டி." 1978-இல் தலை அசைந்தது. பிறகும் பலமுறை சாகக் கிடந்து பிழைத்தது. ஹுல்கி ஆல்டிகாச்டி என்கிற துருக்கியில் பிறந்த எஞ்சினியர்தான் இதைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு வந்தவர்.

ஆனால் அனுமதி கிடைத்த அளவுக்குக் காசு கிடைக்கவில்லை. அப்போது என்ன செய்வார்கள்? நம் வீடுகளில் செய்வதுதான், இருப்பதை வைத்துச் சமைப்பது. முன்பக்க சஸ்பென்ஷன், செவர்லே செவெட் என்கிற மலிவுக் காரிலிருந்து வந்தது. பின்பக்கம் இன்னும் வேடிக்கை. செவர்லே சைட்டேஷன் என்ற குடும்பக் காரின் முன்பாகத்திலிருந்து எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் ஏற்பாட்டை அப்படியே எடுத்துப் பின்னால் பொருத்திவிட்டார்கள். ஸ்டீயரிங்கோடு திரும்பவேண்டிய தண்டுகளைத் திரும்பாமல் கட்டிப்போட்டாயிற்று. வண்டிக்கு முன்னால் இழுத்துக்கொண்டிருந்த மாட்டைப் பின்னால் கட்டித் தள்ளவைத்த கதை! அமெரிக்காவில் பெரிய எண்ணிக்கையில் தயாரான முதல் நடு எஞ்சின் கார் இப்படித்தான் பிறந்தது.

சும்மா சொல்லக்கூடாது, காசு இல்லாத இடத்தில் மூளை நன்றாகவே வேலை செய்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதன் உடம்பு. உள்ளே கூண்டு மாதிரி ஒரு இரும்புச் சட்டம், பலம் எல்லாம் அதில். வெளியே தெரிகிற பாகங்கள் அத்தனையும் பிளாஸ்டிக், சட்டத்தின் மேல் போல்ட் போட்டு மாட்டியவை. அவை துருப் பிடிக்காது, லேசாக இடித்தால் நசுங்காது. மோதல் சோதனையிலும் அந்தக் கூண்டு நல்ல பெயர் வாங்கியது. எங்கள் பாடக் கண்ணோடு பார்த்தால் இன்னொரு லாபம்: இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சுகளுக்கு ஆகிற செலவு பிளாஸ்டிக் அச்சுக்கு ஆகாது. சட்டத்தை மாற்றாமல் சட்டையை மட்டும் மாற்றிப் புது மாடல் விடலாம். ஃபியரோவின் மேல் ஃபெராரி மாதிரி உடம்பை மாட்டி விற்கிற தொழில் ஒன்று வளர்ந்ததும் இதனால்தான். அதில் ஒன்று போன்டியாக் டீலர்கள் வழியாகவே விற்கப்பட, ஃபெராரி கோர்ட்டுக்குப் போய்விட்டது.

இப்போது குறைகள். 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், 92 குதிரைத்திறன். சுமார் 1,150 கிலோ எடையை இழுத்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து மணிக்கு 96 கிலோமீட்டரை எட்ட 11 விநாடி வரை ஆகும். இன்றைக்கு நம் தெருவில் போகிற ஹேட்ச்பேக் கிட்டத்தட்ட இதற்குச் சமம். பவர் ஸ்டீயரிங் கிடையாது, பார்க்கிங்கில் புஜபலம் வேண்டும். முன்னால் ஸ்பேர் டயர் உட்கார்ந்துகொள்ளும், பின்னால் எஞ்சின் சூட்டில் வேகும் ஒரு சின்ன டிக்கி. பெட்ரோல் டேங்க் இரண்டு சீட்டுக்கும் நடுவே, கொள்ளளவு 40 லிட்டருக்கும் குறைவு. இவையெல்லாம் எனக்குப் பெரிய விஷயமே இல்லை. இரண்டு சீட் கார் வாங்குகிறவன் அரிசி மூட்டை ஏற்ற வாங்குவதில்லை.

பெரிய விஷயம் தீ.

1984 மாடல் கார்களில் பல ஓடிக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்தன. காரணம் ஒன்றல்ல. எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுகளில் சில வார்ப்பிலேயே பழுதானவை. அந்த இடத்துக்குள் எஞ்சினை அடைக்க ஆயில் பேனையும் சிறிதாக்கியிருந்தார்கள், எனவே ஆயில் கொஞ்சம் குறைந்தாலும் ஆபத்து. ஆயில் வற்றி, ராட் உடைந்து, எஞ்சின் பிளாக்கில் ஓட்டை போட்டு, தெறிக்கும் எண்ணெய் கொதிக்கிற புகைக்குழாயில் விழுந்தால் மிச்சத்தைச் சொல்லவேண்டியதில்லை. சாதாரண கார் என்றால் இது கண்ணெதிரே பானட்டுக்குள் நடக்கும். இங்கே முதுகுக்குப் பின்னால். 1984 மாடல் கார்கள் அத்தனையையும், சுமார் 1,25,000, திரும்ப அழைத்தது 1987-இன் கடைசியில். மாடல் கடைக்கு வந்து நாலு வருடம் கழித்து!

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. பாகங்களை இரவல் வாங்கியது தப்பில்லை, எந்தக் கம்பெனியும் செய்வதுதான். ஆனால் "இது ஆபீஸ் வண்டி" என்று மேலிடத்துக்கு ஒரு கணக்கும், "இது ஸ்போர்ட்ஸ் கார்" என்று வாடிக்கையாளருக்கு இன்னொரு கணக்கும் காட்டினால், நடுவில் இருக்கிற வித்தியாசத்தை யாராவது கட்டவேண்டும். மேலிடத்துக்குச் சொன்னதைப் போலவே மெதுவாக ஓட்டியிருந்தால் பல எஞ்சின்கள் பிழைத்திருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து வாங்கிய எந்த இருபது வயசுக்காரன் மெதுவாக ஓட்டுவான்? அந்த 1984-இல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்துக்கே ஃபியரோதான் பேஸ் கார். ஓட்டிக் காட்டியது கம்பெனி, கட்டியது வாங்கியவன்.

விற்பனை எண்களைப் பாருங்கள். 1984 மாடல் 1,36,840. அடுத்த வருடம் 76,371. 1986-இல் கொஞ்சம் ஏறி 83,974. பிறகு 46,581. கடைசி மாடலான 1988-இல் 26,402. இரண்டு சீட் கார் சந்தையே இப்படித்தான், ஆசைப்பட்டவர்கள் எல்லாம் முதல் வருடமே வாங்கிவிடுவார்கள் என்று சொல்லலாம். டொயோட்டா எம்ஆர்2 போட்டிக்கு வந்ததும் உண்மை. ஆனால் தீப்பிடிக்கும் கார் என்று ஊரெல்லாம் பேச்சு வந்தபிறகு எந்த விளம்பரம் எடுபடும்? பாலன்ஸ் ஷீட்டில் 'குட்வில்' என்று எழுதுகிறோமே, அது குறைவதை நேரில் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கொடுமை என்னவென்றால், அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1985-இல் 140 குதிரைத்திறன் வி6 எஞ்சின் வந்தது. 1986-இல் அதற்கு ஐந்து கியர். 1988-இல் இரவல் சஸ்பென்ஷனைத் தூக்கிப்போட்டு, முன்னும் பின்னும் இந்தக் காருக்கென்றே செய்த புது சஸ்பென்ஷன், புது பிரேக். பத்து வருடம் கழித்து, ஆல்டிகாச்டி குழு ஆசைப்பட்ட கார் கைக்கு வந்தது. அதே 1988 மார்ச்சில், இந்த மாடலோடு நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள்.

சங்க் காஸ்ட் பாடம் நினைவிருக்கிறதா? போன பணம் போனதுதான், இனி வரப்போவதை மட்டும் பார். அந்தக் கணக்கில் நிறுத்தியது சரிதான், பரீட்சையில் வந்தால் நானும் அப்படித்தான் எழுதுவேன். 26,000 கார்கள் மேல் ஒரு முழுத் தொழிற்சாலையின் நிலைச்செலவை ஏற்றிப் பாருங்கள், தலை சுற்றும். ஆனால் 1989-இல் மாஸ்டா மியாட்டா வந்ததே! அதுவும் இரண்டு சீட், வெறும் 116 குதிரைத்திறன், எஞ்சினும் மாஸ்டா 323 குடும்பக் காரின் உறவு. ஆக, அவர்களும் இரவல் வாங்கியவர்கள்தான். ஆனால் வண்டியின் உயிர் திருப்பத்தில் இருக்கிறது என்று தெரிந்து, சஸ்பென்ஷனுக்கு மட்டும் முதல் நாளே காசு போட்டார்கள். 2016-இல் பத்து லட்சமாவது மியாட்டா வெளியே வந்தது. போன்டியாக் என்கிற பெயரே 2010-இல் மூடப்பட்டுவிட்டது.

"அப்போ நீ வாங்குவியாடா?" என்று பக்கத்து பெஞ்ச் நண்பன் கேட்டான். எல்லாமே இடதுபக்க ஸ்டீயரிங் வண்டி, இங்கே அதற்கு வழியில்லை, அதோடு என் பாக்கெட்டில் இருப்பது பஸ் பாஸ். ஆனாலும் அமெரிக்காவில் மாமா சித்தப்பா இருக்கிறவர்களுக்காக: 1988 மாடல், வி6, ஐந்து கியர், அதைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். பார்க்கப் போகும்போது பெயிண்ட்டைப் பார்த்து மயங்காமல் கீழே குனிந்து பாருங்கள். ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால் என்பதால் தண்ணீர்க் குழாய்கள் வண்டியின் அடிவயிறு முழுக்க ஓடும். விவரம் தெரியாத மெக்கானிக் அதன் மேலேயே ஜாக்கி வைத்து நசுக்கியிருப்பான்.