ஏரிக்கரை ஊரில் எழுந்த கேள்வி

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், ஸ்காட்லாந்து எல்லைக்குச் சற்றுக் கீழே, மலைகளும் ஏரிகளுமாக ஒரு வட்டாரம் இருக்கிறது. லேக் டிஸ்ட்ரிக்ட் என்பார்கள். அங்கே டெர்வென்ட்வாட்டர் என்ற ஏரியை ஒட்டிய சிற்றூர்தான் கெஸிக். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு 'டபிள்யூ' வரும். ஊர்க்காரர்கள் அதை வாயில் எடுப்பதே இல்லை.

ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மூன்று வாரம் இந்த ஊர் நிரம்பிவிடுகிறது. மலையேற வருகிறவர்கள் ஒரு பக்கம், கையில் வேதாகமத்தோடு வருகிறவர்கள் ஒரு பக்கம். அந்த மூன்று வாரமும் இங்கே கிறிஸ்தவக் கோடை மாநாடு நடக்கிறது. நம் ஊர்ச் சபைகளில் 'கன்வென்ஷன்' என்று கேட்டு வளர்ந்திருப்போமே, அதுபோன்ற கூட்டங்களில் உலகப் புகழ் பெற்றது இது. இதைப் பார்த்துப் பல நாடுகளில் இதே பாணியில் கூட்டங்கள் தொடங்கின.

தொடங்கிய ஆண்டு 1875. அந்த ஊர் செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தின் போதகர் ஹார்ஃபோர்ட்-பேட்டர்ஸ்பியும், அவருடைய நண்பர் ராபர்ட் வில்சனும் போதகர் இல்லத்துப் புல்வெளியில் ஒரு கூடாரம் போட்டார்கள். முன்னவர் ஆங்கிலிக்கன், பின்னவர் குவேக்கர். அந்தக் காலத்தில் இந்த இரண்டு பிரிவினரும் ஒரே கூடாரத்தில் உட்கார்ந்து ஜெபிப்பது சாதாரண விஷயமல்ல. கிறிஸ்துவில் எல்லாரும் ஒன்று என்பதையே மாநாட்டின் முழக்கமாக வைத்தார்கள். இன்றும் அதே முழக்கம்தான்.

ஒன்பது பேரும் ஒரு வேலையும்

எங்கள் சபை கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிறது. இளைஞர் குழுவிலிருந்து ஒன்பது பேர் புறப்பட்டோம். துணைக்கு மூத்த அக்காவாக நானும் போனேன். பத்தொன்பது வயது சட்ட மாணவி முதல், துறைமுகத்தில் வேலை செய்யும் இருபத்தேழு வயதுத் தம்பி வரை எல்லா வகையினரும் இருந்தார்கள். பயணச் செலவுக்காக இரண்டு ஆண்டுகள் உழைத்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாசி லெமாக் பொட்டலம் விற்றார்கள். தீபாவளிக்கு முறுக்கு சுட்டு அக்கம்பக்கத்துக்கு விற்றார்கள். கிறிஸ்துமஸுக்குப் பாதி வாடிக்கையாளர்கள் திரும்பி வந்தார்கள்.

புறப்படும் முன் போதகர் எங்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். வெள்ளிக்கிழமை இரவு நடக்கும் தமிழ் இளைஞர் கூட்டத்துக்கு ஆள் குறைந்துகொண்டே வருகிறது. அதே வளாகத்தில் நடக்கும் ஆங்கிலக் கூட்டத்தில் நாற்காலி போதவில்லை. தமிழ்க் கூட்டத்தைத் தொடர்வதா, ஆங்கிலத்தோடு இணைத்துவிடுவதா?

"ஒரு வாரம் ஒண்ணா இருக்கப்போறீங்க. பேசி ஒரு முடிவோட வாங்க" என்றார்.

ஒன்பது பேரில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் தேசியப் பள்ளி, ஒருத்தி சீனப்பள்ளி. வீட்டில் எல்லாரும் தமிழ் பேசுவார்கள். ஆனால் வேதாகமத்தைத் தமிழில் வாசிக்கச் சொன்னால் பாதிப் பேர் தொண்டையைச் செருமுவார்கள். வாரம் முழுக்க வானொலியில் தமிழ் பேசிச் சம்பாதிக்கிற எனக்கு இந்தக் கேள்வி வெறும் சபைக் கேள்வி அல்ல. நாளை என் நிகழ்ச்சியைக் கேட்க யார் இருப்பார்கள் என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது.

மழைக்கு நடுவே வேதபாடம்

மான்செஸ்டர் விமான நிலையத்திலிருந்து ரயிலில் பென்ரித். அங்கிருந்து பேருந்தில் கெஸிக். மாநாட்டுத் திடல் ஒரு பழைய பென்சில் தொழிற்சாலை இருந்த இடம். பக்கத்துப் பாரோடேல் பள்ளத்தாக்கில் 16ஆம் நூற்றாண்டில் தரமான கிராஃபைட் கிடைத்தது. அதனால் இது பென்சில் ஊர் ஆனது. தொழிற்சாலை வேறு ஊருக்குப் போனபின் மாநாட்டு அமைப்பு அந்த இடத்தை வாங்கிவிட்டது. அருங்காட்சியகம் மட்டும் இன்னும் இருக்கிறது. ஏறக்குறைய 8 மீட்டர் நீளமுள்ள ஒரு மஞ்சள் பென்சிலுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் எங்கள் பிள்ளைகள் வெளியே வரவில்லை.

காலையில் பெரிய கூடாரத்தில் வேதபாடம். ஒரு வேதப்பகுதியை எடுத்து நாள்தோறும் தொடர்ச்சியாக விளக்குகிறார்கள். சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வயதுக்கு ஏற்பத் தனி வகுப்புகள். மாலையில் பாட்டும் செய்தியுமாகப் பொதுக்கூட்டம். உள்ளே வர நுழைவுக் கட்டணம் கிடையாது. காணிக்கையில்தான் எல்லாம் நடக்கிறது.

நம் ஊர்க் கன்வென்ஷனுக்குப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் வியப்பாக இருக்கும். சத்தம் குறைவு. பேச்சாளர் குரலை உயர்த்துவதே அரிது. தொழில் பழக்கத்தில் நான் குரல்களைக் கவனிப்பவள். இங்கே மழைதான் பேச்சாளரைவிட உரக்கப் பேசியது. கூடாரத் துணியில் அது கொட்டத் தொடங்கியதும் பேச்சாளர் சற்று நிறுத்துவார், கூட்டம் சிரிக்கும், பிறகு தொடர்வார். பாரோடேலில் உள்ள சீத்வெயிட் என்ற சிற்றூர்தான் இங்கிலாந்தில் மக்கள் வசிக்கும் இடங்களிலேயே அதிக மழை பெறுவது என்பார்கள். மழைச்சட்டை இல்லாமல் யாரும் வீட்டைவிட்டு இறங்குவதில்லை.

இன்னொரு வியப்பு வெளிச்சம். ஆண்டு முழுக்க ஏழரை மணிக்குள் இருட்டிப் பழகிய நமக்கு, இரவு ஒன்பதரைக்கும் வானம் வெளுத்திருப்பது தூக்கத்தையே குழப்புகிறது. கூட்டம் முடிந்து விடுதிக்கு வந்து, கொண்டுபோன நெத்திலி சம்பலைச் சோற்றில் பிசைந்து சாப்பிடும்போதும் சன்னலுக்கு வெளியே மலை தெரியும்.

ஒருநாள் மதியம் படகில் ஏரியைக் கடந்து கேட்பெல்ஸ் மலையில் ஏறினோம். உயரம் 451 மீட்டர். நம் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர். "கே.எல்.சி.சி. உச்சிக்கு லிஃப்ட் இல்லாம ஏறிட்டோம்!" என்று துறைமுகத் தம்பி மேலே நின்று கத்தினான். கீழே ஏரியில் தீவுகள் பச்சை இட்லிகளைப்போல மிதந்துகொண்டிருந்தன.

"டோனவர் தெரியுமா?"

மூன்றாம் நாள் காலை, எங்கள் வரிசையில் ஒரு மூதாட்டி வந்து உட்கார்ந்தார். எண்பதைத் தாண்டியிருப்பார். எந்த ஊர் என்று கேட்டார். மலேசியா, ஆனால் தமிழர்கள் என்றோம். அவர் முகம் மலர்ந்தது.

"தமிழா? அப்படியானால் உங்களுக்கு டோனவர் தெரிந்திருக்குமே!"

அவர் டோனர் கபாப் கடையைத் தேடுகிறார் என்று நினைத்து ஒரு தம்பி கடைத்தெருப் பக்கம் கை காட்டினான்.

அவர் சொன்னது டோனாவூர். திருநெல்வேலி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் கிராமம். அங்கே ஆலயம் கட்ட உதவிய டோனா பிரபு என்ற பிரஷ்ய நாட்டவரின் பெயரோடு நம் 'ஊர்' சேர்ந்து உண்டான பெயர் அது. சிறுவயதில் அம்மா தினமும் அந்த ஊருக்காக ஜெபிப்பார் என்றார் மூதாட்டி. வீட்டு அலமாரியில் ஏமி கார்மைக்கேல் எழுதிய புத்தகங்கள் வரிசையாக இருந்தனவாம். பாட்டியின் பூர்வீகம் திருநெல்வேலி என்று சொல்லிக்கொள்ளும் மூன்று பேர் எங்கள் குழுவில் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. கெஸிக்கில் ஓர் ஆங்கிலேயப் பாட்டிக்குத் தெரிந்திருந்தது.

அன்றிரவு விடுதிச் சமையலறையில் அந்தக் கதையைப் பேசினோம். 1867இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர் ஏமி. இந்த மாநாட்டைத் தொடங்கிய அதே ராபர்ட் வில்சன் அவரைத் தம் வீட்டில் மகளைப்போல வைத்துக்கொண்டார். மாநாட்டின் ஆதரவில் அனுப்பப்பட்ட முதல் மிஷனரி அவர். முதலில் ஜப்பான். பிறகு 1895இல் இந்தியா. அடுத்த ஆண்டே, தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியிடம் தமிழ் படிக்கத் திருநெல்வேலிச் சீமைக்குப் போனார். 1901 முதல் டோனாவூர். கைவிடப்பட்ட பெண் குழந்தைகளுக்கும், கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த சிறுமிகளுக்கும் அங்கே இல்லம் அமைத்தார். சேலை உடுத்தினார். பிள்ளைகளுக்கு அவர் அம்மா. 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்து எழுதினார். 1951இல் இறந்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் பறவைகள் நீர் அருந்தும் ஒரு கல்தொட்டிதான் இருக்கிறது. அதில் 'அம்மை' என்ற பெயர்.

எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். "வெள்ளைக்காரங்க ஆண்ட காலம்க்கா. வந்து நம்மள மாத்துறதுக்குத்தானே வந்தாங்க?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். அதைப்பற்றியே அரைமணி நேரம் வாதம் நடந்தது.

பிறகு என் வாய் அரித்தது. "எங்கிருந்தோ வந்தவங்க தமிழ் படிச்சாங்க. நமக்கு வீட்டுல இருக்கிற தமிழை வாசிக்கக் கஷ்டமா இருக்கு, பார்த்தீங்களா?"

இது பெரியவர்கள் வழக்கமாகப் பேசுகிற பேச்சு. பிள்ளைகளுக்கும் பழகிப்போன பேச்சு. எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள். சட்ட மாணவி மட்டும் நிமிர்ந்தாள்.

"அக்கா, அந்தக் கதையில யாரு படிச்சா? பிள்ளைங்களா? பெரியவங்கதானே? பிள்ளைங்ககிட்ட பேசணும்னு ஆசைப்பட்டவங்கதான் உக்காந்து படிச்சாங்க. நம்ம சபையில எங்ககிட்ட பேசணும்னு யாரு, என்ன படிச்சாங்க?"

அடுப்பில் தேநீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சுத்தத் தமிழில் நாற்பது நிமிடம் பேசுவார்கள். புரிந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். புரியவில்லை என்றால் வெட்கம். ஆங்கிலக் கூட்டத்துக்கு நண்பர்கள் போனது தமிழ் பிடிக்காமல் அல்ல, கேள்வி கேட்க முடியாமல்தான். அன்றிரவு ஒவ்வொருவராகச் சொன்னதன் சாரம் இதுதான். பாட்டியின் ஜெபம் தமிழில்தான் மனத்தில் நிற்கிறது என்று சீனப்பள்ளியில் படித்தவள் சொன்னாள். அதை விட்டுவிட எங்களுக்கும் ஆசை இல்லை என்றான் துறைமுகத் தம்பி.

போக நினைப்பவர்களுக்கு

மாநாட்டுக்குக் கட்டணம் இல்லை என்றாலும் தங்குமிடம் நம் பொறுப்பு. கோடையில் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். மாதக்கணக்கில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்தால் செலவு பாதியாகும். மலேசியர்களுக்கும் சிங்கப்பூரர்களுக்கும் சுற்றுலா விசா தேவையில்லை. 2025 ஜனவரி முதல் 'இடிஏ' எனும் மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். ஜூலையிலும் குளிர் ஆடை வேண்டும். கூட்டங்களில் ஆர்வம் இல்லாதவர்களும் இந்த ஊருக்குப் போகலாம். ஏரியைச் சுற்றி நடக்கலாம். ஊருக்கு வெளியே காசில்ரிக் என்ற இடத்தில், சுமார் ஐயாயிரம் ஆண்டுப் பழமையான கல்வட்டத்தையும் பார்க்கலாம்.

திரும்பிய பிறகு

சபைக் குழுவுக்கு முன் ஒன்பது பேரும் உட்கார்ந்தார்கள். இணைப்பதா, தொடர்வதா என்று கேட்டவர்களிடம் சட்ட மாணவி அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டாள். இந்த முறை கொஞ்சம் மரியாதையாக. இரண்டு மூப்பர்களுக்கு அது பிடிக்கவில்லை. போதகர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, யாரு படிக்க வர்றீங்க?" என்று பெரியவர்கள் பக்கம் திரும்பினார்.

அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஒன்பது பேரில் இரண்டு பேர் ஆங்கிலக் கூட்டத்துக்கே போய்விட்டார்கள். அது அவர்கள் விருப்பம். மற்ற ஏழு பேரும் தமிழ்க் கூட்டத்தைத் தொடர்கிறார்கள், புதிய ஏற்பாட்டோடு. பேச்சு இருபது நிமிடத்துக்குமேல் போகக் கூடாது. புரியாத சொல்லுக்கு யாரும் கை தூக்கலாம். வேதப்பகுதியை முதலில் ஆங்கிலத்தில் வாசித்து, பிறகு தமிழில் எழுத்துக்கூட்டியாவது ஓர் இளைஞர் வாசிக்க வேண்டும். யாரும் சிரிக்கக் கூடாது. வாரம் இரண்டு பெரியவர்கள் வந்து உட்கார வேண்டும், பேசுவதற்கல்ல, கேட்பதற்கு.

என் நிகழ்ச்சியிலும் ஒன்றை மாற்றியிருக்கிறேன். இளையவர்கள் தொலைபேசியில் வரும்போது அவர்கள் தமிழை நான் திருத்துவதில்லை. முதலில் அவர்கள் பேசி முடிக்கட்டும்.

சென்ற வெள்ளிக்கிழமை எழுபதைத் தாண்டிய ஒரு மூப்பர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குழுக் கூட்டத்தில் முகம் சுளித்த இருவரில் ஒருவர். கையில் சிறிய குறிப்பேடு. பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தபோது தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

"ஏம்மா, அடிக்கடி சொல்றீங்களே, 'வைப்' என்றால் என்ன?"

ஒரே நேரத்தில் ஏழு பேர் விளக்கத் தொடங்கினார்கள். தமிழில்.