வாசர்குப்பே மலையில் காற்றில்லாத ஒரு ஞாயிறு

ஜேர்மனியின் ஹெசன் மாநிலத்தில் ஆகவும் உயர்ந்த மலை வாசர்குப்பே. உயரம் 950 மீற்றர். புல்டா நகரத்திலிருந்து காரில் உச்சிவரை போகலாம். அந்த நகரத்துக்குப் பெயர் தந்த புல்டா ஆறு இந்த மலையில்தான் ஊற்றெடுக்கிறது. எம்மவர்கள் சிலர் பனிக்காலத்தில் பிள்ளைகளைச் சறுக்கி விளையாடக் கூட்டிப் போவதுண்டு. ஆனால் இந்த மலை பேர்போனது பறப்புக்கு.

முதலாம் உலகப் போரில் தோற்ற ஜேர்மனிக்கு இயந்திர விமானம் செய்யத் தடை விழுந்தது. இயந்திரம் இல்லாமலே பறப்போம் என்று இளைஞர்கள் இந்த மலைக்கு வந்தார்கள். 1920இல் முதல் போட்டி நடந்தது. 1922 ஆவணியில் ஆர்தர் மார்ட்டென்ஸ் என்பவர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வானத்தில் நின்றார். உச்சியில் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

என்னோடு தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் நிற்கும் டொச்சுக்கார நண்பர் ஹாங் கிளைடர் ஓட்டுபவர். இருவராகப் பறக்கும் லைசென்சும் வைத்திருக்கிறார். சென்ற கோடையில் ஒரு ஞாயிறு, தன் கூட்டாளிகள் மூவரோடு என்னையும் என் ஒன்பது வயது மகனையும் அழைத்துப் போனார்.

டொச்சில் இதை 'டிராகன்' என்கிறார்கள். பிள்ளைகள் ஏற்றும் பட்டத்துக்கும் அதே சொல்தான். அது சரியென்றே எனக்குப் பட்டது. அலுமினியக் குழாயில் துணியை இழுத்துக் கட்டிய, நூலில்லாத பெரிய பட்டம். ரொகல்லோ என்ற அமெரிக்க எஞ்சினியரும் மனைவியும் இதன் மூலவடிவை 1948இல் சமையலறைத் திரைச்சீலையில் செய்து பார்த்தார்களாம். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றியவர்களுக்கு இதில் புதுமை குறைவு.

காலை பத்து மணிக்குப் பூட்டி முடித்தாயிற்று. பிறகு காத்திருப்பு. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், விளங்கியபடி சொல்கிறேன். இந்தப் பட்டம் செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர் இறங்கிக்கொண்டே இருக்கும். காலுக்குக் கீழே 200 மீற்றர் என்றால் மூன்று நிமிடம் சொச்சம், அவ்வளவுதான். கூட நிற்க வேண்டுமானால் காற்று சரிவில் மோதி மேலே ஏற வேண்டும், அல்லது வெயிலில் சுட்ட நிலத்திலிருந்து சூடான காற்று எழும்ப வேண்டும். அன்று இரண்டும் இல்லை. மெல்லிய முகில் வெயிலை மறைத்திருந்தது. முதல்நாள் மழையில் புல் ஈரம். பருந்துகூடச் சிறகடித்துத்தான் பறந்தது. "பருந்தே உழைக்கிறது, நாங்கள் தேநீர் குடிப்போம்" என்றார் ஒருவர்.

நாலு மணித்தியாலம் இப்படியே புல்லில் இருந்தார்கள். ஒருவருக்கும் கோபமில்லை. இரவு வேலை முடிந்து நித்திரையில்லாமல் வந்தவரும் இருந்தார். எனக்குத்தான் பொறுமை போனது. மகனோ, "அப்பா, நீங்களும் பறக்கப் போறீங்களோ?" என்று கேட்டபடியே இருந்தான்.

அவனுக்கு வானத்தில் பயமில்லை, இங்கே பிறந்தவன். நான் 2008இல் வன்னியில் 'வண்டு' இரைந்தாலே பதுங்கு குழிக்கு ஓடியவன். வேவு விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அது போனபின் கிபிர் வரும். இப்போதும் மேலே சத்தம் கேட்டால் என் கண் முதலில் கூரையைத் தேடும். இதை நண்பருக்கு நான் சொன்னதில்லை.

இரண்டு மணிக்குச் சிறிது வெயில் வந்தது. நண்பர் என்னைக் கொழுவி, தொங்கவிட்டுப் பார்த்தார். கொழுவாமல் ஓடிச் செத்தவர்கள் உண்டென்பதால் இந்தச் சோதனையை ஒருவரும் விடுவதில்லை. பிறகு சரிவில் ஓட்டம். ஏழெட்டு அடிதான், கால் நிலத்தைத் தேடியது, நிலம் இல்லை.

இயந்திர இரைச்சல் எதுவும் இல்லை, காற்றுச் சத்தம் மட்டுமே. ஏறினால் கீச்சிடும், இறங்கினால் முனகும் சிறு கருவி ஒன்று நண்பரிடம் இருந்தது. எங்கள் பட்டத்து விண் போல. அது முனகிக்கொண்டே வந்து, காட்டோரத்தில் திடீரென்று வாயை மூடியது. நண்பர் அங்கேயே வட்டம் போட்டார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இதை அவர்கள் 'நுல்ஷீபர்' என்கிறார்கள். எங்கள் துல்டுங் விசா மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஆறு வருடம் அதை வைத்திருந்தவன் நான். ஏற விடாது, இறக்கியும் விடாது.

ஆனால் நண்பர் அதற்காகச் சந்தோஷப்பட்டார். ஐந்து வட்டம் போட்டோம். கீழே புல்டா நகரப் பக்கம் வயல்கள், மலையுச்சியில் பழைய ராடாரின் வெள்ளைக் கூடு, சரிவில் கை காட்டும் ஒரு புள்ளி. அது என் மகன். மேலேயிருந்து மனிதரைப் பார்ப்பது இப்படித்தான் இருக்குமா என்று ஒரு கணம் வயிறு கலங்கியது. நானும் கை காட்டினேன்.

மொத்தம் ஆறு நிமிடம். மற்ற மூவரில் ஒருவருக்கு ஒன்பது, இருவருக்கு நான்கு. ஒன்பது நிமிடக்காரர் வழிநெடுக அதையே பேசினார். மடித்து வாகனத்தில் கட்ட ஒரு மணித்தியாலம் ஆனது.

அடுத்த ஞாயிறு எனக்கு இரவு வேலை. அதற்கடுத்தது காற்றுச் சரியென்றால் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் இன்னும் அனுமதி கேட்கவில்லை.