கீறல் விழுந்த பெட்டி

திருவரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை அடுத்த எமது இல்லத்தின் திண்ணையோரம், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தந்தையாரின் புல்லட் மோட்டார் சைக்கிள் நிற்கின்றது. அதன் இரு பக்கங்களிலும் பூட்டிய பெட்டிகள் தகரத்தாலானவை அல்ல. கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்து வார்த்த, நம்மவர் பைபர் என்று வழங்கும் பொருளாலானவை. 1982-இல் பெங்களூரிலிருந்து வெளிவந்த டால்பின் என்னும் சிறு காரின் உடலும் இப்பொருளே. இதற்குத் துருவென்பதில்லை. ஆனால் அடிபட்டால் தகரத்தைப்போல் நசுங்கிக்கொடாது, வெடித்துவிடும்.

சென்ற கோடையில் தந்தையார் கண்புரைச் சிகிச்சைக்காக மதுரை சென்றிருந்தபொழுது, அவரைக் கேளாமலே அவ்வண்டியை எடுத்துச் சென்று, காவிரிப் பாலத்தருகே மணலிற் சறுக்கி வீழ்ந்தேன். முழங்கையிற் சிராய்ப்பு, இடப்புறப் பெட்டியில் ஒரு சாண் நீளக் கீறல். முழங்கை தானே ஆறிவிடும். பெட்டியை நகரத்துக் கடையொன்றிற் கொடுத்தேன். பட்டி அப்பிப் பச்சை வர்ணம் அடித்து, ஒரே நாளில் புதிதுபோல் தந்தனர்.

தந்தையார் கறுப்புக் கண்ணாடியுடன் திரும்பினார். திண்ணையிலிருந்து இறங்கி வண்டியின்மீது உள்ளங்கையை மெல்ல ஓட்டினார். கை ஓரிடத்தில் நின்றது.

"இதென்ன?" என்றார்.

"மாடு உராய்ந்துவிட்டது," என்றேன். அவர் மேலே ஒன்றும் வினவவில்லை. எனக்குத்தான் அன்று உணவு செல்லவில்லை.

ஆடி பிறப்பதற்குள் வர்ணம் செதில் செதிலாக எழும்பிக் கீறல் மீண்டும் முகங்காட்டிற்று. பாலக்கரைப் பக்கத்துச் சந்தொன்றில் இவ்வேலை செய்யும் முதியவர் ஒருவரை நாடிச்சென்றேன். அவர் நாணயத்தால் பெட்டியைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் கணீரென்றது, கீறலருகே பொத்தென்றது. உள்ளே நார் விட்டுப்போயிற்று என்றார். ஈரத்துணியால் துடைத்தால் மறையும் கோடு மேற்பூச்சோடு நிற்பது. மறையாதது ஆழ்ந்தது என்று காட்டினார்.

"தம்பி, முதலிற் கழுவவேண்டும். கழுவாமல் தேய்த்தால் மேலிருக்கும் மெழுகு கீறலுக்குள் இறங்கும். பிறகு எந்த வர்ணமும் பிடிக்காது."

சோப்பு நீரால் கழுவி, தின்னரால் துடைத்து, வெயிலில் நன்றாய் உலர்த்தினார். வெடிப்பின் இரு நுனிகளிலும் சிறு துளையிட்டார். அது மேலும் ஓடாதிருப்பதற்காம். பழைய பட்டியைச் சுரண்டியெடுத்து, வெடிப்பை வாய்க்கால்போல் அகலப்படுத்தினார். உட்புறத்தைச் சொரசொரப்பாக்கி, நார்ப்பாயை இரண்டு மடிப்பாகப் பிசினில் தோய்த்து ஒட்டினார். பிசின் இறுகுவதற்குக் கோபால்ட் திரவமும் பெராக்சைடும் வேண்டும். இவ்விரண்டும் நேரே ஒன்றோடொன்று சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கும். ஆதலின் முன்னதைப் பிசினிற் கலந்த பின்னரே மற்றதைச் சேர்த்தார். நூறு பங்கிற்கு ஒன்றிரண்டு பங்கே அளவு. திருச்சி வெயிலில் ஒன்றே போதுமென்றார்.

மறுநாள் பட்டியை மெல்லிய படலங்களாக இட்டு, மரக்கட்டையிற் சுற்றிய 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கித் தேய்த்தார். பறந்த தூள் என் கைகளை இரவெல்லாம் அரித்தது. அவரோ முழுக்கைச் சட்டையும் மூக்கிற் கட்டிய துணியுமாயிருந்தார். நான் உதவ எண்ணி நீரைத் தெளிக்கப்போனேன், கையைத் தட்டிவிட்டார். பட்டி நீரைக் குடித்துவைத்துப் பின்னர் வர்ணத்தைக் கொப்புளமாக எழுப்புமாம். பெரிய பெருமாள் திருமேனி சுதையாதலின் தைலக்காப்பேயன்றித் திருமஞ்சனம் இல்லையென்பதைச் சிறு வயதுமுதற் கேட்டிருந்தும் எனக்கு இது தோன்றவில்லை!

பின்பு கறுப்பு வர்ணத்தைப் பனிபோல் தூவித் தேய்த்தார். கறுப்பு எஞ்சிய இடமெல்லாம் பள்ளம். அங்கே மீண்டும் பட்டி. பிரைமர் அடித்த பிறகுதான் 400, 600 எண் வாட்டர் பேப்பருக்கு நீர் விட அனுமதித்தார். இறுதியிற் கண்களை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தார். தந்தையாரின் கை என் நினைவுக்கு வந்தது. வர்ணம் அடித்தது அரை மணி நேரம்; அதற்கு முன் சென்றவை நான்கு நாட்கள்.

வலப்புறப் பெட்டியிலும் ஒரு பழைய கீறல் இருப்பதைக் காட்டி, அதையும் சரிசெய்யலாமா என்று அவர் கேட்டனுப்பினார். அதனைத் தந்தையாரிடம் சொல்லும்பொழுது, மாடு உராயவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன்.

அவர் சற்று நேரம் வண்டியையே பார்த்திருந்தார்.

"வலப்புறத்தை விட்டுவிடு. அது நான் விழுந்தது. உன் பாட்டனாரிடம் நானும் மாடு என்றுதான் சொன்னேன்."