பரம்பு

2024 ஜூன் மாதக் கடைசியில் லடாக்கிலிருந்து வந்த அந்தச் செய்தியை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். கண்புரை அறுவைக்குப் பிறகு பொடி எழுத்துகளை அவர் வாசிப்பதில்லை. ஜூன் 28 இரவு, கிழக்கு லடாக்கில் சசேர் பிராங்சா அருகே, பயிற்சி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ராணுவ டாங்கி ஒன்று ஷியோக் ஆற்றில் சிக்கிக்கொண்டது. நீர்மட்டம் திடீரென உயர்ந்தது. மீட்புக் குழு விரைந்தும் ஓட்டத்தின் வேகத்தில் எதுவும் செய்ய இயலவில்லை. ஐந்து பேர் இறந்தார்கள்.

"என்ன வண்டி?" என்றார்.

"டி-72."

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஆத்துக்கு அடியில என்ன, மணலா, உருட்டுக்கல்லா? போட்டிருக்கானா?" என்று கேட்டார். செய்தியில் அது இல்லை. இன்னொரு நாளிதழிலும் தேடினேன். அதிலும் இல்லை. நீரின் உயரத்தைப் பற்றி எல்லோரும் எழுதியிருந்தார்கள், அடித்தரையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

அப்பா முப்பத்து மூன்று வருடங்கள் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் இருந்தவர். 1965இல் விஜயந்தாவில் தொடங்கி, பின்னர் அஜேயா என்று பெயரிடப்பட்ட டி-72, பீஷ்மா என்று பெயரிடப்பட்ட டி-90, இங்கேயே வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் என்று இந்தியாவின் டாங்கிகள் உருண்டு வெளிவந்த இடம். அப்பாவின் வேலை எல்லாம் இடுப்புக்குக் கீழே. சக்கரங்கள், முறுக்குத் தண்டுகள், சங்கிலிப் பட்டை. அதை அவர்கள் 'ட்ராக்' என்றுதான் சொல்வார்கள். எஸ்டேட் குவார்ட்டர்ஸில் என் விளையாட்டுத் தோழர்களின் அப்பாக்களில் சிலர் பீரங்கிக் குழல் பொருத்துபவர்கள், அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஒரு மிதப்பு இருந்தது. எனக்குச் சொல்லிக்கொள்ளச் சக்கரம் மட்டும்தான்.

கல்லூரிக் காலத்தில் ரஷ்ய நாவல்களும் சிற்றிதழ்களும் என் தலைக்குள் ஏறிய நாட்களில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம், "மனுஷனைக் கொல்ற மிஷினைத்தானே செய்யறீங்க" என்று கேட்டுவிட்டேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா கோபப்படவில்லை. "நான் போடறது சக்கரம்டா. வண்டி நிக்காம போகணும், திரும்பி வரணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார். அது தப்பித்துக்கொள்ளும் பதில் என்று அன்று நினைத்தேன். இன்றும் முழுக்க அப்படி இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதிலின் இரண்டாம் பாதியை நான் கவனிக்கவே இல்லை.

டாங்கி என்றதும் நம் மனதில் எழுவது கனம். எதையும் நசுக்கிக்கொண்டு போகும் என்ற பிம்பம். சினிமா அதைத்தான் காட்டுகிறது. அப்பா பார்த்தது வேறொன்று. மன்னார்குடிப் பக்கத்தில் நன்செய் நிலத்தில் வளர்ந்தவர் அவர். அவருக்கு டாங்கியை விளங்கவைத்தது பயிற்சிக் கூடம் அல்ல, பரம்பு. நடவுக்கு முன் சேற்றைச் சமப்படுத்த மாடு பூட்டி இழுக்கும் பலகை. "சேத்துல நின்னா முழங்கால் வரைக்கும் இறங்குவே. அதே ஆளு பரம்பு மேல ஏறி நின்னா? வழுக்கிக்கிட்டுப் போவான். ட்ராக்குன்னா அதான். வண்டி தன்னோட பரம்பைத் தானே முன்னாடி விரிச்சு, அது மேலயே ஓடி, பின்னாடி சுருட்டி எடுத்துக்குது." பிற்காலத்தில் இதைப் பற்றிப் பல பக்கங்கள் வாசித்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை எங்கும் பார்க்கவில்லை.

கணக்கும் அதையே சொல்கிறது. டி-72இன் எடை 41 டன்னுக்கு மேல். ஆனால் நீண்ட இரு பட்டைகளிலும் அந்த எடை பரவிவிடுவதால், ஒரு சதுர சென்டிமீட்டர் மண்ணின் மீது அது ஏற்றுவது ஒரு கிலோவுக்கும் குறைவு. நம் வீட்டுக் கார் டயரில் அடைக்கும் 30 பவுண்டு காற்று என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ. ஆக டாங்கியைவிட இரண்டு மடங்குக்கு மேல் கார்தான் மண்ணை அழுத்துகிறது. ஒற்றைக் காலில் எடையை ஊன்றி நடக்கும் மனிதன் சுமார் அரை கிலோ. 58 டன்னைத் தாண்டும் அர்ஜுனும், பட்டையை அகலமாக்கி, பக்கத்துக்கு ஏழு சக்கரங்கள் வைத்து, 0.85 கிலோ அளவில் நின்றுவிடுகிறது. டி-72க்கு ஆறு சக்கரங்கள்.

இந்தச் சராசரியில் ஒரு ஏமாற்று உண்டு. பட்டை இறுக்கமான பலகை அல்ல, கண்ணி கண்ணியாகக் கோத்தது. சக்கரம் நேராக ஏறி நிற்கும் கண்ணிகள் அதிகம் அமுங்கும், இடைப்பட்டவை சும்மா கிடக்கும். மென்மையான மண்ணில் சக்கரத்துக்கடியில் விழும் அழுத்தம் சராசரியைப் போலப் பல மடங்காகலாம். சக்கரங்கள் எத்தனை, எவ்வளவு பெரியவை என்பதெல்லாம் அங்கேதான் பொருட்படுகிறது. பட்டையின் இறுக்கமும் அப்படியே. தளர்ந்திருந்தால் மணலில் திரும்பும்போது கழன்றுவிடும். அளவுக்கு மீறி இறுக்கினால் ஊசிகள் தேயும், சேறு உள்ளே அடைந்து மேலும் இறுகி அறுந்துபோகும். எந்த மண்ணுக்கு எவ்வளவு தளர்வு என்பது கையேட்டிலும் இருக்கிறது, ஓட்டுபவரின் கையிலும் இருக்கிறது.

போர் வரலாற்றை அப்பா சொல்லி நான் கேட்டதெல்லாம் இந்தக் கோணத்தில்தான். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் அசல் உத்தரில் நடந்த சண்டையில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் நம்முடைய பழைய செஞ்சூரியன்களையும் ஷெர்மன்களையும்விட நவீனமானவை. இந்திய தரப்பு கால்வாய் நீரைத் திறந்து வயல்களை நனைத்துவிட்டு, ஓங்கி வளர்ந்த கரும்புக்குள் காத்திருந்தது. பாட்டன்கள் கரும்பில் பார்வை இழந்து, ஈர மண்ணில் வேகம் இழந்து சிக்கின. அழிந்தும் பிடிபட்டும் அங்கே மிஞ்சியவை நூறை நெருங்கும். அவற்றை நிறுத்திவைத்த இடத்துக்குப் பாட்டன் நகர் என்று பெயர் வந்தது. அந்த வெற்றிக்கு எத்தனையோ வீரர்கள் காரணம், அப்துல் ஹமீதின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அப்பா மட்டும், "தண்ணி பாய்ச்ச யோசனை சொன்னவன் விவசாயி வீட்டுப் பிள்ளையா இருப்பான்" என்பார். 1971 டிசம்பரில் ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் நேரெதிர் மண். இரவில் வந்த டாங்கிகள் பொதி மணலில் புதைந்து தடுமாறின, விடிந்ததும் ஜெய்சல்மரிலிருந்து வந்த ஹண்டர் விமானங்களுக்கு இலக்காயின. 2022இல் உக்ரைனில் உருகும் பனிச்சேற்றுக்கு அஞ்சி ரஷ்ய வாகன வரிசைகள் தார்ச்சாலையை விட்டு இறங்காமல் நின்ற படங்களை அவர் தொலைக்காட்சியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலை விஷயத்தில் எனக்குப் பிடித்த கதை 1948 நவம்பர் 1. சோஜி லா கணவாய், 11,500 அடிக்கு மேல். முந்தைய காலாட்படைத் தாக்குதல்கள் தோற்றிருந்தன. ஜெனரல் திம்மையா அங்கே டாங்கிகளைக் கொண்டுபோக முடிவெடுத்தார். ஏழாவது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் இலகு டாங்கிகள், மேற்கூண்டைக் கழற்றி எடுத்து, பலவீனமான பாலங்களைக் கடந்து, ரகசியமாகப் பால்தால் வரை வந்தன. அதற்கு மேலே இருந்தது கோவேறு கழுதைகளின் ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையை டாங்கிக்கு ஏற்ற அகலத்துக்கு வெட்டிக் கொடுத்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ். பனி விழுந்துகொண்டிருந்த அன்று மலைக்குமேல் டாங்கியை எதிர்த்தரப்பு எதிர்பார்க்கவே இல்லை. கணவாய் கைக்கு வந்தது, லே நகருக்கான வழி திறந்தது. புத்தகங்களில் டாங்கியின் பெயர் இருக்கிறது. ஆனால் அந்த டாங்கி மலைக்கு 'ஏற்றது' ஆனது மண்வெட்டியாலும் வெடிமருந்தாலும்தான்.

அதனால்தான் ஷியோக் விபத்துக்குப் பிறகு எழுந்த விவாதங்கள் எனக்கு ஒப்பவில்லை. டி-72 மலைக்குப் பொருந்தாது, பழைய வண்டி, கனமான வண்டி என்று பலர் எழுதினார்கள். பொருந்தும் என்று வேறு சிலர். 2020 ஆகஸ்டில் பாங்காங் ஏரிக்குத் தெற்கே கைலாஷ் மலைத்தொடரில், பதினாறாயிரம் அடி உயரத்தில், நம் டாங்கிகள் சீனப் படைகளுக்கு எதிரே போய் நின்றதை அவர்கள் சுட்டினார்கள். இரண்டும் உண்மைகள். 4,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. எஞ்சின் மூச்சு வாங்கும். குளிர்காலத்தில் எண்ணெயும் மின்கலமும் உறையாமலிருக்க, எதிரி இல்லாத இரவுகளிலும் விட்டுவிட்டு எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தால் ஓடும். ஆனால் 'கடினமான நிலப்பரப்பு' என்று ஒரே சொல்லில் நாம் சொல்வது ஒரே நிலம் அல்ல. லடாக்கின் சமவெளி ஒன்று, கணவாய் ஒன்று, அதன் ஆறு முற்றிலும் வேறு. அந்த ஆறும் காலையில் ஒன்று, நள்ளிரவில் ஒன்று. பனியாற்றிலிருந்து வரும் நீர் பகல் வெயிலில் உருகிப் பெருகுகிறது. அந்தப் பெருக்கு கீழ்ப்பகுதிகளுக்கு வந்துசேர இரவாகிவிடும். ஷியோக் என்ற பெயருக்கு யார்க்கந்தி மொழியில் மரண நதி என்று பொருள் சொல்வார்கள். பழைய வணிகக் கூட்டங்கள் அதைக் காரணமில்லாமல் அப்படி அழைத்திருக்காது.

டி-72 ஆற்றைக் கடக்கும் வண்டிதான். 1.2 மீட்டர் ஆழத்தை அப்படியே கடக்கும். துளைகளை அடைத்து மூச்சுக்குழாய் பொருத்தினால் 5 மீட்டர் வரை நீருக்கடியில் போகும். இதை அப்பாவிடம் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகக்கூட. அவர் தலையை ஆட்டிவிட்டு, "நீ அடைச்சுட்டா அது கப்பல் ஆயிடும்டா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மேசையிலிருந்த எவர்சில்வர் டப்பாவை மூடி, பாத்திரம் கழுவும் தொட்டியில் அழுத்திக் காட்டினார். உள்ளே நீர் புகாத பெட்டியை ஆறு மேல்நோக்கித் தூக்குகிறது. 41 டன் வண்டி நீருக்குள் 41 டன்னாக இருப்பதில்லை. எடை குறையக் குறைய பட்டைக்குத் தரை மேலுள்ள பிடி குறைகிறது. பக்கவாட்டிலிருந்து வேகமான ஓட்டம், அடியில் உருண்டையான கூழாங்கல். இடுப்பளவு நீரில் ஆற்றைக் கடந்த எவருக்கும் அந்த நொடி தெரியும், கால் தன்னுடையதாக இல்லாமல் போகும் நொடி. எந்தக் கனத்தை நம்பி அந்த வண்டி செய்யப்பட்டதோ, அந்தக் கனத்தைத்தான் ஆறு முதலில் எடுத்துக்கொள்கிறது. அன்றிரவு அங்கே நடந்தது இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. டப்பாவைத் துடைத்து வைத்துவிட்டு, "அந்தப் பட்டையில நான் போட்ட கண்ணியும் இருக்கலாம்" என்றார். நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. வண்டி திரும்பி வரணும் என்று அன்று சாப்பாட்டுத் தட்டின் முன் அவர் சொன்னது எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

விபத்து நடந்து சில நாட்களில், 2024 ஜூலையில், குஜராத்தின் ஹசீராவில் சொராவர் என்ற புதிய இலகு டாங்கியைக் காட்டினார்கள். 25 டன். மலைக்கென்றே ஆவடியில் இருக்கும் ஆய்வகமும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து செய்தது, அந்த வருடம் டிசம்பரில் உயர்மலையில் சுட்டுப் பார்த்தார்கள். கனம் குறைந்தால் ஏறும், பாலம் தாங்கும், விமானத்தில் போகும். கவசமும் குறையும். ஸ்டூவர்ட் காலத்திலிருந்து இந்தப் பேரம் முடியவில்லை. கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது அப்பா பீரங்கியைப் பார்க்கவில்லை. விரலால் கீழே தள்ளி, பக்கத்துக்கு எத்தனை சக்கரம் என்று எண்ணினார்.

2025 மார்ச் 25 அன்று லிதுவேனியாவில் அமெரிக்கப் படையின் மீட்பு வாகனம் ஒன்று காணாமல் போனது. எம்-88. சிக்கிக்கொண்ட வண்டிகளை இழுத்து வெளியேற்றுவதற்கென்றே செய்யப்பட்ட, டாங்கியின் உடலமைப்புக் கொண்ட கனரக வண்டி. நின்றுபோன ஒரு வாகனத்தை எடுக்கப் போன வழியில் சதுப்புக்குள் முழுதாக மூழ்கிவிட்டது. ஆறு நாட்கள் நீரை இறைத்து, சேற்றை அள்ளி, மார்ச் 31 அன்று அதை வெளியே இழுத்தார்கள். அதில் சென்ற நால்வரும் உயிர் பிழைக்கவில்லை.

அப்பாவிடம் அதை வாசிக்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வாசித்தேன். சதுப்பு என்றால் எப்படி என்று கேட்டார். மேலே புல்லும் பாசியும், பார்வைக்குத் தரை போலவே இருக்கும், கீழே பல அடி ஆழத்துக்கு மக்கிய தாவரக் கூழ் என்றேன்.

"உளை" என்றார் அப்பா. "எங்க ஊர்ல பெரிய வாய்க்காலுக்குத் தெக்கால ஒரு இடம் இருந்துச்சு. மாடு இறங்கிடும். எங்கப்பா அங்க ஒரு மூங்கில் நட்டு வச்சிருந்தாரு, யாரும் வந்துடக் கூடாதுன்னு."

அந்த மூங்கில் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டேன். நிலத்தை விற்று நாற்பது வருடம் ஆயிற்றே என்றார்.