வாடிப்போன வயல்

முகநூலில் 2009-இல் வந்த 'ஃபார்ம்வில்' நினைவிருக்கிறதா? மறு ஆண்டிலேயே அதை மாதம் 8 கோடிப் பேர் ஆடினார்கள். ஸ்ட்ராபெரி விதைத்தால் 4 மணி நேரத்தில் விளையும்; பறிக்கத் தவறினால் வாடிவிடும். பெரட்டுக்கு ஓடும் நமக்கு இது இன்னொரு பெரட்டு!

குதிரை லாயம் கட்டப் பலகையும் ஆணியும் அண்டை வயல்காரர்களிடம் கேட்டுப் பெறுவோம். வந்தது வினை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ச் சிலர் விலகினார்கள். கைப்பேசி விளையாட்டுக்குச் சிலர் தாவினார்கள். எஞ்சியவருக்குப் பலகை தருவார் யார்? அவரும் போனார். 2020 டிசம்பர் 31-இல் ஃபிளாஷ் மென்பொருளோடு விளையாட்டும் மூடப்பட்டது.

எனக்கு அது முன்பே முடிந்துவிட்டது. வெளியூர் மாறிப்போன என் பயிற்சிக் கல்லூரித் தோழி கடிதம் எழுதமாட்டாள். பச்சென்றிருக்கும் அவள் வயலைப் பார்த்தே 'நலமாயிருக்கிறாள்' என்று தெரிந்துகொள்வேன். ஒருநாள் அது முழுதும் வாடிக் கிடந்தது. அதன்பின் நானும் விதைக்கவில்லை.