கைக்கூலி என்னும் சொல்லும் ஓர் அறிக்கையும்

பொன்விழா மலருக்குக் கட்டுரை எழுதுக எனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தனர். கல்லூரியை நீங்கி, ஆசிரிய பயிற்சி பெற்று, வயல் சூழ்ந்த வரிப்பத்தான்சேனையிலே தமிழ் கற்பிக்கும் யாம் சாதனையென்று சொல்லத்தக்கது யாதுமில்லை. எம்மிடம் கற்றாள் ஒருத்தி எமக்குக் கற்பித்ததனை ஈண்டு உரைப்போம்.

கொழும்பிலே சட்டம் பயிலும் அம்மாணவி விடுமுறையில் எம்மில்லம் வந்தாள். "சேர், கைக்கூலி என்றால் இலஞ்சந்தானே? சட்டத்தில் வேறு பொருளில் வருகிறதே" என்றாள். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்திலே, மணமகளின் பயன் கருதி அவள் சுற்றத்தார் மணமகனிடம் கொடுக்கும் பணமும் பொருளும் கைக்கூலி எனப்படும். மக்கள் வழக்கே சட்டமொழியாயிற்று என விளக்கினோம்.

"சட்டம் கிடைத்தது, சேர். அதனைத் திருத்த ஆராய்ந்தவர்களின் அறிக்கைதான் கிடைக்கவில்லை. சட்ட ஆணைக்குழுவின் வெளியீடுகளில் தேடிக் களைத்துவிட்டேன்" என்றாள்.

கட்டுரை வகுப்புக்கென யாம் சேர்த்துவைத்த செய்தித்தாள் நறுக்குகளைப் புரட்டினோம். 2018 தை மாதத்து நறுக்கொன்று அகப்பட்டது. 1969இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அமைந்த சட்ட ஆணைக்குழுவின் பணியன்று அது. 2009இல் நீதி அமைச்சு தனியே நியமித்த குழுவின் பணி. தலைவர் நீதியரசர் சலீம் மர்சூப். தலைவர் பெயராலே தேடியபின் அறிக்கை அகப்பட்டது. ஆகவே மாணவர்காள், ஓர் அறிக்கையைத் தேடுமுன் நியமித்தவர் யார், தலைவர் யார், ஆண்டு யாது என மூன்றையும் அறிமின்.

அறிக்கை ஒருகுரலாய் இல்லை. பெண்ணின் மணவயது, பெண்கள் காதியாராதல் முதலியவற்றில் உறுப்பினர் இரு கூறாய் நின்று பரிந்துரைத்திருந்தனர். சட்டம் முடிவை மாத்திரம் கூறும். அறிக்கையோ முடிவின் பின்னே நின்ற வழக்காடலையும் காட்டும். ஆய்வாளர்க்கு அதுவே பெரும்பயன்.

மணவயதுப் பகுதியை வாசித்தவள் சற்றே நிறுத்தினாள். பன்னிரண்டு வயது நிரம்பாச் சிறுமியின் மணத்தைப் பதிவதற்கு மாத்திரமே காதியாரின் அனுமதி வேண்டுமென்பது 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. அவளுடைய தமக்கையும் எம் மாணவியே, இலக்கணத்தில் வல்லவள். பதினைந்தாம் வயதில் ஒருநாள் வகுப்புக்கு வாராதொழிந்தாள். மணமாயிற்று என்றனர். இடாப்பிலே அவள் பெயரைச் சிவப்பு மையாற் கோடிட்டோம். வீடு சென்று ஒரு சொற் கேட்டோமல்லோம். பிறர் தேடாத அறிக்கையைத் தேடினாள் தங்கை. கண்முன் இருந்த மாணவியைத் தேடாதிருந்தோம் யாம்.

அத்தமக்கையின் மகள் இவ்வாண்டு எம் வகுப்பில் இருக்கின்றாள். ஒருநாள் வாராவிடினும் மாலையிலே மிதிவண்டியில் அவ்வீடு சென்று விசாரித்து வருகின்றோம்.