நாகமலை அடிவாரத்துச் சைக்கிள் தடங்கள்

பரவை, அக்டோபர் 5

மலைச் சைக்கிள் தடங்களைத் தரம் பிரிக்கும் முறை பனிச்சறுக்குச் சரிவுகளிலிருந்து வந்தது. 1988இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பன்னாட்டு மலைச் சைக்கிள் சங்கம் அதைச் சைக்கிளுக்கு ஏற்ப மாற்றியது. வெள்ளை வட்டம் மிக எளிது, பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்புச் சாய்சதுரம் கடினம். சாய்சதுரம் இரண்டு இருந்தால் கைதேர்ந்தவர்கள் மட்டும் போகலாம்.

பாதையின் அகலம், தரையின் உறுதி, ஏற்றத்தின் அளவு, விலகிப் போக முடியாத தடைகள் ஆகியவற்றைப் பார்த்துத் தரம் முடிவாகிறது. வெள்ளைத் தடத்துக்கு ஆறடி அகலம் வேண்டும். பச்சைக்கு மூன்றடி, நீலத்துக்கு இரண்டடி, கறுப்புக்கு ஓரடி போதும். இரட்டைக் கறுப்பில் அரையடியே மிஞ்சலாம். தடையின் உயரத்துக்கும் வரம்பு உண்டு: பச்சையில் 2 அங்குலம், நீலத்தில் 8, கறுப்பில் 15. ஐந்து கிலோமீட்டர் வழவழப்பான பாதையின் நடுவே ஓரடி உயரப் பாறைப்படி ஒன்று குறுக்கிட்டு, அதைச் சுற்றிப் போக இடமும் இல்லையென்றால் அது பச்சைத் தடம் ஆகாது. மிக மோசமான அந்தப் பத்தடிதான் பலகையின் நிறத்தைத் தீர்மானிக்கிறது.

பரவையைச் சுற்றி இப்படிப் பலகை நட்ட தடம் கிடையாது. கண்மாய்க் கரைகளும் வண்டிப் பாதைகளும் இருக்கின்றன. வைகைக்கு அக்கரையில் நாகமலை நீண்டு கிடக்கிறது. பாண்டியனை அழிக்க ஏவிய பாம்பு மலையாகிப் போனது என்று திருவிளையாடல் கதையில் வரும் மலை. இருப்பதைக் கொண்டு இந்த அளவுகோலைப் பொருத்திப் பார்க்கலாம்.

அக்டோபர் 12

புதிதாக ஓட்டுகிறவருக்குக் கண்மாய்க் கரையைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஏற்றம் இல்லை, அகலம் உண்டு, எதிரே வருகிற ஆளைத் தூரத்திலேயே பார்த்துவிடலாம். கரையில் ஏறும் சாய்வுதான் முதல் பாடம். அங்கே சீட்டில் சாய்ந்தபடி மிதித்தால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். சீட்டின் முனைக்கு நகர்ந்து, நெஞ்சைத் தாழ்த்தி, சாய்வைத் தொடும் முன்பே கியரைக் குறைத்திருக்க வேண்டும். ஏற்றத்தின் பாதியில் கியர் மாற்றினால் செயின் முரண்டு பிடிக்கும்.

இறங்கும்போது நிற்கும் நிலையைப் பலரும் தவறாகவே கற்கிறார்கள். இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். உடல் எடை பெடலில் இறங்க வேண்டும், சீட்டில் அல்ல. முழங்காலும் முழங்கையும் மடங்கியிருக்க, பிரேக்கின் மேல் ஒவ்வொரு கையிலும் ஒரு விரல். முன்பிரேக்கைத் தொடவே கூடாது என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுப்பது வழக்கம். வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதி முன்பிரேக்கில்தான் இருக்கிறது. வெடுக்கென்று பிடிப்பதுதான் ஆபத்து. பார்வை முன்சக்கரத்தில் குத்தி நிற்கக் கூடாது. கல்லைப் பார்த்துக்கொண்டே போனால் வண்டி அந்தக் கல்லில்தான் போய் முட்டும்.

காய்கறி மார்க்கெட்டுக்கு லாரிகள் வரும் நேரத்தில் கண்மாய்க்குப் போய்ச் சேரும் தார்ச்சாலைதான் கரையைவிட ஆபத்தானது.

அக்டோபர் 26

மழை. மதுரையின் ஆண்டு மழை ஏறக்குறைய 850 மில்லிமீட்டர். அதில் பாதியளவு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும். ஈரமான செம்மண்ணில் சக்கரம் ஓடினால் பள்ளம் விழுகிறது, அடுத்த மழை அந்தப் பள்ளத்தை வாய்க்கால் ஆக்கிவிடுகிறது. கரிசலில் ஓட்டவே முடியாது. மண் அப்பி, சக்கரம் ஃபோர்க்குக்குள் சிக்கி நின்றுவிடும். நன்றாக நடக்கும் பூங்காக்களில் பெருமழைக்குப் பின் தடத்தை மூடிவைப்பது இதனால்தான். சக்கரம் அழுந்திய சுவடு ஆழமாகப் பதிந்தால் அன்றைக்கு ஓட்டாமல் திரும்புவதே முறை.

நவம்பர் 2

நடுத்தரத் தடத்தின் இலக்கணத்தை நாகமலைச் சரிவில் ஆடுகளிடம் கற்கலாம். ஆள் நடந்து உண்டான பாதை பெரும்பாலும் உச்சியை நோக்கி நேராக ஏறுகிறது. நாலு மழைக்குப் பின் மண் கரைந்து, சரளையும் வேரும் மட்டும் மிஞ்சுகிறது. மேயும் வெள்ளாடுகள் போட்ட தடமோ சரிவுக்குக் குறுக்கே படிந்து, அரைப்படி ஏறி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறிப் போகிறது. ஆண்டுக்கணக்கில் அது அப்படியே கிடக்கிறது.

தடம் வெட்டுகிறவர்களின் முதல் விதி இதைத்தான் கணக்காகச் சொல்கிறது. பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மலைச்சரிவு நூறடிக்கு முப்பதடி உயர்கிறது என்றால், அதன் குறுக்கே போகும் பாதை நூறடிக்குப் பதினைந்துக்கு மேல் ஏறக் கூடாது. தாண்டினால் மேலிருந்து வரும் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் பாதை வழியாகவே ஓடத் தொடங்கும். தடம் முழுவதற்குமான சராசரி நூறடிக்குப் பத்தடிக்குள் நிற்பது நல்லது.

இவை மட்டும் போதாது. பாதையின் பள்ளத்துப்பக்க ஓரம் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். மூன்றடிப் பாதைக்கு ஏறக்குறைய இரண்டு அங்குலம். நீண்ட ஏற்றத்தில் ஆங்காங்கே சிறு இறக்கம் வைத்தால் தண்ணீர் அங்கே வெளியேறிவிடும். ஓட்டுகிறவருக்கு அதே இறக்கம் மூச்சு வாங்கிக்கொள்ள இடம் தருகிறது. ஆடு இரண்டையும் தெரியாமலே செய்துவைத்திருக்கிறது.

இப்படி அமைந்த இரண்டடி ஒற்றையடிப் பாதை, அங்கங்கே கல், எட்டு அங்குலத்துக்குள் படி என்றால் அது நீலச் சதுரம். கண்மாய்க் கரையில் பழகியவர் இதற்கு வரலாம். முன்பக்க சஸ்பென்ஷன் உள்ள சாதாரண வண்டியே போதும். இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் வைத்த விலையுயர்ந்த வண்டி இந்த மட்டத்தில் வெறும் பாரம்.

நவம்பர் 9

சீமைக்கருவேல முள். தரத்துக்கான எந்த அளவுகோலிலும் இது இல்லை. மதுரைச் சமவெளியில் இதைச் சேர்க்காமல் தரம் பிரிக்க முடியாது. டியூப் போட்ட டயரில் முள்ளைப் பிடுங்கினால் காற்று சீறிக்கொண்டு போய்விடும். டியூப்லெஸ் டயரில் பிடுங்கிய துளையிலிருந்து வெள்ளைத் திரவம் நுரைத்து வரும். சக்கரத்தைச் சுழற்றித் துளையைக் கீழே கொண்டுவந்தால் சில நொடிகளில் அடைபட்டுவிடும். அந்த சீலன்ட் வெயிலில் காய்ந்து போகும் பொருள். குளிர்நாட்டில் ஓட்டுகிறவர் நிரப்புவதைவிட அடிக்கடி இங்கே நிரப்ப வேண்டியிருக்கும். நெருஞ்சி இன்னும் மோசம்: ஒரு காயில் பல முள், கண்ணுக்கும் தெரியாது.

நவம்பர் 23

கறுப்புத் தடத்தில் பாறைதான் விஷயம். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் வழுக்குப் பாறைக்குப் பஞ்சமில்லை. காய்ந்த பாறையில் டயர் ஒட்டிப் பிடிக்கும், ஆகவே செங்குத்தாகத் தெரியும் முகத்திலும் இறங்க முடிகிறது. அதே பாறையின் மேல் உதிர்ந்த மணற்பருக்கை ஒரு கைப்பிடி கிடந்தால் பிடிப்பு போய்விடும். இறங்கும் முன் நடந்து பார்ப்பதைக் கோழைத்தனமாகக் கருதுகிறவர்கள் கறுப்பு மட்டத்துக்கு இன்னும் தயாராகவில்லை.

கீழக்குயில்குடிச் சமணர் மலை இந்தக் கணக்கில் வராது. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சரிவு எவ்வளவு ஆசை காட்டினாலும் சைக்கிளை அடிவாரத்து ஆலமரத்தடியில் விட்டு நடந்துதான் ஏற வேண்டும்.

டிசம்பர் 7

பல மட்டத்தாருக்கும் ஒரே மலையில் தடம் அமைப்பது எப்படி என்பதற்குச் சிங்கப்பூர் நல்ல உதாரணம். புலாவ் உபின் தீவில், கருங்கல் வெட்டி முடித்த கெத்தாம் குவாரியை ஒட்டி 45 ஹெக்டேரில் 2008இல் சைக்கிள் பூங்கா திறக்கப்பட்டது. ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் தடம், நீலம் முதல் இரட்டைக் கறுப்பு வரை பலகைகள். மேலூர்ப் பக்கம் கைவிட்ட குவாரிகளைப் பார்க்கும்போது உபின் நினைவுக்கு வராமல் இருக்காது. ஆனால் தண்ணீர் நின்ற ஆழக்குழிகளுக்கு முதலில் வேலி போட்டாக வேண்டும்.

இத்தகைய பூங்காக்களில் எளிய சுற்று வாசலருகே அமையும்; அதிலிருந்து நடுத்தரச் சுற்று பிரியும், அதிலிருந்து கடினமானது. தெரியாமல் கறுப்பில் நுழைகிறவரைத் தடுக்க ஓர் உத்தி உண்டு: அந்தத் தடத்தின் மிகக் கடினமான தடையை நுழைவிலேயே வைத்துவிடுவது. அதைக் கடக்க முடியாதவர் அங்கேயே திரும்பிவிடுவார், நடுக்காட்டில் மாட்டிக்கொள்ள மாட்டார். பலகையைப் படிக்காதவரும் பாறையைப் படித்துவிடுவார்.

பக்கத்தில் போட்டித் தடத்தைக் காண வேண்டுமானால் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடி இருக்கிறது. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் அங்கே நடந்தது. இந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1996 அட்லாண்டாவில்.

டிசம்பர் 21

அனுமதி. 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீக்குப் பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே நாற்பது மலையேற்றப் பாதைகளை எளிது, மிதம், கடினம் எனத் தரம் பிரித்து இணையவழி முன்பதிவுக்குத் திறந்தது. அவை நடப்பவர்களுக்கானவை. காப்புக்காட்டுக்குள் சைக்கிளோடு போக வனத்துறையின் அனுமதி தனியாக வேண்டும். பட்டா நிலமாக இருந்தால் உரிமையாளரின் சம்மதம்.

தடத்தில் யாருக்கு யார் வழிவிடுவது என்பதும் எழுதப்பட்ட விதிதான். சைக்கிள்காரர் நடப்பவருக்கு வழிவிட வேண்டும். இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும், ஏற்றத்தில் நின்றால் மறுபடி மிதித்துக் கிளம்புவது கஷ்டம் என்பதால். ஆட்டுமந்தை எதிர்ப்பட்டால் இறங்கிப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி, மேய்ப்பவர் சொல்லும்வரை நிற்க வேண்டியதுதான். மணி அடித்தால் மந்தை சிதறும். அதை மறுபடி சேர்க்க அவருக்கு அரைமணி நேரம் பிடிக்கும்.